தானு, கானு, கபாகா யெக்கா: கிழக்கு ஆப்பிரிக்க விடுதலையும் அதைக் கொண்டுவந்த கட்சிகளும்

2025 அக்டோபர் இறுதியில் தான்சானியாவில் தேர்தல் நடந்தது. ஆளும் கட்சி வேட்பாளரான அதிபர் சாமியா சுலுஹு ஹசன் சுமார் 98 சதவீத வாக்குகள் பெற்றதாக அறிவித்தார்கள். முக்கிய எதிர்க்கட்சியைப் போட்டியிடவே விடவில்லை. அதன் தலைவர் தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். தெருவில் கலவரம், ஊரடங்கு, இணைய முடக்கம்.

செய்தியைப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். 1961இல் விடுதலை பெற்ற நாளிலிருந்து தான்சானியாவில் ஒரே கட்சியின் ஆட்சிதான். பக்கத்திலிருக்கும் கென்யாவில் விடுதலை வாங்கிய கட்சி 2002 தேர்தலில் தோற்று இன்று சிறு கட்சியாகிவிட்டது. உகாண்டாவில் அப்படிப்பட்ட கட்சியின் ஆட்சியை ராணுவம் 1971, 1985 என இரண்டு முறை கவிழ்த்தது. மூன்றும் விக்டோரியா ஏரியைச் சுற்றி இருக்கும் நாடுகள், மூன்றையும் ஆண்டது பிரிட்டன், மூன்றும் இரண்டே ஆண்டு இடைவெளியில் விடுதலை அடைந்தவை. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

காரணம் 1950களில் இருக்கிறது. காலனி ஆட்சி எங்கே எதை அனுமதித்தது, எதைத் தடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொரு தேசியக் கட்சியும் உருவம் பெற்றது. கொடி மாறியது, கட்சியின் உருவம் அப்படியே இருந்தது.

முதலில் சில அடிப்படைகள்

'பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கா' என்று மொத்தமாகச் சொன்னாலும், சட்டப்படி அங்கே மூன்று வகை ஆட்சிகள் இருந்தன.

1. காலனி. கென்யா 1920 முதல் இந்த வகை. நாடே பிரிட்டிஷ் முடியரசுக்குச் சொந்தம். குளிர்ச்சியான மேட்டு நிலங்கள் வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்டன.

2. பாதுகாப்பு நாடு. உகாண்டாவும் சான்சிபாரும் இந்த வகை. உள்ளூர் மன்னரோ சுல்தானோ பதவியில் இருப்பார், மேலே பிரிட்டன் இருக்கும். உகாண்டாவில் புகாண்டா மன்னரான கபாகாவின் தரப்போடு 1900இல் செய்த ஒப்பந்தம் இதற்கு அடித்தளம்.

3. பொறுப்பாட்சிப் பகுதி. இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியான டாங்கனிகா முதல் உலகப் போர்வரை ஜெர்மனியிடம் இருந்தது. போருக்குப் பின் அதை உலக நாடுகள் சங்கம் பிரிட்டனின் பொறுப்பில் விட்டது. 1946இல் அந்தப் பொறுப்பு ஐ.நா. மேற்பார்வைக்கு மாறியது. ஆக, பிரிட்டன் அங்கே உரிமையாளர் இல்லை, பொறுப்பாளர். ஐ.நா. குழு நேரில் வந்து பார்க்கும். மக்கள் நேரடியாக ஐ.நா.வுக்கு மனு எழுதலாம்.

இந்த மூன்றாவது வகை வெறும் சட்ட நுணுக்கம் போலத் தெரியலாம். கட்சிகளின் கதையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கீழே வருகிறது.

இன்னொரு சொல், 'இனச் சமநிலை'. கேட்க நியாயமாக இருக்கும். டாங்கனிகா சட்டப் பேரவையில் 1955 முதல் அரசு சாராத உறுப்பினர்கள் 30 பேர்: ஆப்பிரிக்கர் 10, ஐரோப்பியர் 10, ஆசியர் 10. மக்கள்தொகையில் ஆப்பிரிக்கர் 80 லட்சத்துக்கும் மேல், ஆசியர் சுமார் 75,000, ஐரோப்பியர் சுமார் 20,000. சமநிலை என்ற பெயரில் நடந்த அநியாயம் இது. இதை உடைப்பதுதான் கட்சிகளின் முதல் வேலையாக இருந்தது.

1959இல் போட்ட கணக்கு

1959 ஜனவரியில் பிரிட்டனின் காலனித் துறை அமைச்சரும் கிழக்கு ஆப்பிரிக்க ஆளுநர்களும் கூடிப் பேசினார்கள். டாங்கனிகாவுக்கு 1970 வாக்கில் விடுதலை, கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் 1975 வாக்கில் என்பது அவர்கள் மனதிலிருந்த கணக்கு. நடந்தது வேறு: டாங்கனிகா 9 டிசம்பர் 1961, உகாண்டா 9 அக்டோபர் 1962, கென்யா 12 டிசம்பர் 1963.

பத்தாண்டுக்கும் மேலான இந்த அவகாசத்தைச் சுருக்கியது எது? லண்டனில் மனம் மாறியது உண்மைதான். 1959 இறுதியில் புதிதாக வந்த காலனித் துறை அமைச்சர் இயன் மெக்லியோட் வேகம் காட்டினார். ஆனால், அவர் வேகம் காட்டும் நிலைமையை உண்டாக்கியவை ஆப்பிரிக்கக் கட்சிகள். "பிரிட்டன் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டுப் போனது" என்ற பேச்சு இன்றும் உலவுகிறது. ஆளுநர்கள் போட்ட கணக்கைப் பார்த்த பிறகு அதை ஏற்க முடியவில்லை.

டாங்கனிகா: தடையால் மக்களிடம் போன கட்சி

1951 இறுதியில், மேரு மலையடிவாரத்து எங்கரே நன்யூகி பகுதியில் வாழ்ந்த சுமார் 3,000 மேரு மக்களை அரசு வெளியேற்றியது. வெள்ளையருக்குப் பண்ணை அமைக்க அந்த நிலம் தேவைப்பட்டது. வீடுகளைக் கொளுத்தினார்கள். மேரு மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, கிரிலோ ஜாஃபெட் என்ற இளைஞரை 1952இல் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். பொறுப்பாட்சிப் பகுதி என்பதால் அவரால் ஐ.நா.வில் எழுந்து நின்று பிரிட்டனைக் குற்றம்சாட்ட முடிந்தது. நிலம் உடனே திரும்பக் கிடைத்துவிடவில்லை. ஆனால் ஒரு மலைக் கிராமத்தின் வழக்கை உலகத்தின் முன் வைக்க முடியும் என்று நாடு முழுவதும் தெரிந்துபோனது. கென்யாவில் நிலம் இழந்தவர்களுக்கு இப்படி ஒரு வாசல் இருக்கவில்லை.

அப்போது அங்கே இருந்தது 'டாங்கனிகா ஆப்பிரிக்கச் சங்கம்'. 1929இல் தொடங்கியது. ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் கூடிப் பேசும் இடம். எடின்பரோவில் படித்துத் திரும்பி, தார் எஸ் சலாமுக்கு அருகே புகுவில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜூலியஸ் நைரேரே 1953இல் அதன் தலைவரானார். மறு ஆண்டு ஜூலை 7 அன்று அந்தச் சங்கத்தை 'டாங்கனிகா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம்' என்ற அரசியல் கட்சியாக மாற்றினார்கள். சுருக்கமாகத் தானு. ஏழாம் மாதம் ஏழாம் தேதி என்பதால் ஸ்வாஹிலியில் அந்த நாளுக்கு 'சபா சபா' என்றே பெயர்: ஏழு ஏழு.

இங்கே அரசு ஒரு தப்புக்கணக்கு போட்டது. அரசு ஊழியர்கள் அரசியல் அமைப்புகளில் சேரக் கூடாது என்று ஆணையிட்டது. சங்கத்தின் படித்த உறுப்பினர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள். அவர்களைப் பிடுங்கிவிட்டால் கட்சி வாடிவிடும் என்று நினைத்தார்கள். வேலையை விட முடியாதவர்கள் ஒதுங்கினார்கள். நைரேரேயே 1955இல் கட்சியா, ஆசிரியர் வேலையா என்ற நிலை வந்தபோது வேலையை விட்டார். அப்புறம் கட்சிக்கு ஆள் எங்கிருந்து வரும்? சந்தை வியாபாரிகள், லாரி ஓட்டுநர்கள், பருத்தி, காப்பி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தார், வீட்டில் மது காய்ச்சி விற்ற பெண்கள் என எந்த ஆணைக்கும் கட்டுப்படாதவர்களைத் தேடிக் கட்சி போக வேண்டியதாயிற்று. படித்தவர்களின் சங்கமாக நின்றிருக்க வேண்டியது மக்கள் கட்சியானதில் அந்த ஆணைக்குப் பெரிய பங்கு உண்டு.

பீபி டிட்டி முகம்மதுவைப் பற்றிச் சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. தார் எஸ் சலாம்காரர். அதிகம் படித்தவர் இல்லை. ஊரில் பெண்கள் கூடிப் பாடி ஆடும் 'ங்கோமா' குழு ஒன்றின் முன்னணிப் பாடகி. ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்படிக் குழுக்கள் இருந்தன. கல்யாணம், சாவு, பிரசவம் என்றால் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொள்ளும் வலைப்பின்னல் அது. 1955இல் தானுவின் பெண்கள் பிரிவை ஏற்ற பீபி டிட்டி, குழுத் தலைவிகளைப் பார்த்துப் பேசினார். ஒரு தலைவி ஒத்துக்கொண்டால் குழுவே உறுப்பினர் அட்டை வாங்கிவிடும். சில மாதங்களிலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். நகரத்தில் தானுவுக்கு முதல் வேரைப் பிடித்துத் தந்தவர்கள் இந்தப் பெண்கள். விடுதலை வரலாறு என்றாலே மாநாட்டு மேசையில் உட்கார்ந்த ஆண்களின் பெயர்களை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய குறை.

இன்னொரு பலம் மொழி. டாங்கனிகாவில் 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உண்டு. எந்த ஒன்றும் மற்றவற்றை அடக்கும் அளவுக்குப் பெரியதில்லை. எல்லாருக்கும் ஓரளவு தெரிந்த பொதுமொழியாக ஸ்வாஹிலி ஏற்கெனவே பரவியிருந்தது. தானு பேச்சாளர் எந்த ஊருக்குப் போனாலும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. 'உஹுரு' என்ற சொல் எல்லைவரை போய்ச் சேர்ந்தது. விடுதலை என்று பொருள்.

தபோரா முடிவு

1958இல் அரசு தேர்தல் அறிவித்தது, விசித்திரமான விதியோடு. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று இடங்கள். வாக்காளர் ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஐரோப்பியர், ஓர் ஆசியர் என மூன்று பேருக்கும் வாக்களித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வாக்குச் செல்லாது. வாக்குரிமைக்கு ஆண்டு வருமானம் 150 பவுண்டு அல்லது எட்டாண்டுப் படிப்பு போன்ற தகுதி வேண்டும். அதனால் பதிவான வாக்காளர்கள் சுமார் 60,000 பேர்தான்.

புறக்கணிக்க வேண்டும் என்ற கோபம் கட்சிக்குள் கொதித்தது. 1958 ஜனவரியில் தபோராவில் கூடிய மாநாட்டில் நைரேரே எதிர்த்திசையில் வாதாடினார்: புறக்கணித்தால், அரசின் ஆதரவோடு தொடங்கப்பட்ட பல்லினக் கட்சியான 'ஐக்கிய டாங்கனிகா கட்சி' எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளும். மாநாடு அவர் பக்கம் வந்தது. ஏற்காத சுபேரி ம்டெம்வு வெளியேறித் தனிக்கட்சி கண்டார்.

அடுத்து தானு செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். மூன்று பேருக்கு வாக்களித்தே ஆக வேண்டும் என்றால் மூன்று பேரையும் நாமே தேர்ந்தெடுப்போம் என்று, தன் கொள்கையை ஏற்ற ஐரோப்பிய, ஆசிய வேட்பாளர்களை ஆதரித்தது. டெரெக் பிரைசன், அமீர் ஜமால், சோஃபியா முஸ்தஃபா ஆகியோர் அப்படி வந்தவர்கள். ஆப்பிரிக்கரைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி, பேரவையின் மூன்று வரிசைகளையும் தானுவின் கையில் கொடுத்துவிட்டது. 1960 தேர்தலில் 71 இடங்களில் 70 தானுவுக்கு. மீதி ஒன்றில் வென்ற சுயேச்சையும் தானுக்காரர்தான்.

இப்படி நாடு முழுக்க வேர்விட்ட கட்சியை மறுத்து ஆள்வதற்கு அரசிடம் போதுமான போலீஸ் இல்லை. ஆளுநர் ரிச்சர்ட் டர்ன்புல் அதற்கு முன் கென்யாவில் பணியாற்றியவர். ஒரு கிளர்ச்சியை அடக்க எவ்வளவு பணமும் ரத்தமும் போகும் என்று பார்த்தவர். நைரேரேயோடு ஒத்துப்போனார். 1970 என்ற கணக்கு 1961 ஆனது இப்படித்தான்.

கென்யா: மாவட்டங்களாக உடைக்கப்பட்ட அரசியல்

கென்யாவில் கட்சி அரசியல் டாங்கனிகாவை விடப் பழையது. கிக்கூயு மத்தியச் சங்கம் 1924இலேயே தொடங்கியது, 1940இல் தடை. பிறகு வந்த கென்ய ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு 1947இல் ஜோமோ கென்யாட்டா தலைவரானார். 1950 ஏப்ரல் 23 அன்று நைரோபியின் கலோலேனி மன்றத்தில் அந்த ஒன்றியமும் கிழக்கு ஆப்பிரிக்க இந்தியத் தேசிய காங்கிரஸும் நடத்திய கூட்டத்தில், பஞ்சாபில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர் மக்கன் சிங் எழுந்து கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கு முழு விடுதலை வேண்டும் என்று கேட்டார். அடுத்த மாதமே கைது. 1961இல்தான் வெளியே விட்டார்கள். அவரைப் போன்றவர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

1952 அக்டோபர் 20இல் மௌ மௌ கிளர்ச்சியை அடக்க நெருக்கடி நிலை அறிவித்தார்கள். நிலம் பறிபோன கிக்கூயு மக்களின் ஆயுதப் போராட்டம் அது. கென்யாட்டாவுக்கு 7 ஆண்டு கடுங்காவல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள். 1953இல் கென்ய ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் தடை.

கட்சிகளின் கதையில் முக்கியமான கட்டம் இதற்கப்புறம் வருகிறது. 1955இல் ஆப்பிரிக்கர் அரசியல் அமைப்பு தொடங்கலாம் என்று அரசு தளர்த்தியது, மாவட்ட அளவில் மட்டும். நாடு தழுவிய கட்சிக்கு 1960வரை அனுமதி இல்லை. கிக்கூயு பகுதியில் மாவட்டக் கட்சிக்கும் இல்லை.

விளைவை யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்தாண்டுகளில் வளர்ந்த தலைவர்கள் எல்லாரும் மாவட்டத் தலைவர்கள். மாவட்டம் என்பது பெரும்பாலும் ஓர் இனக்குழுவின் எல்லை. ஆக, தலைவருக்குப் பின்னால் திரண்டது அவருடைய சொந்தச் சமூகம். தானு பல இனக்குழுக்களை ஒரே உறுப்பினர் அட்டையில் சேர்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கென்யாவில் அரசியலே இனவாரியாக நடக்கும்படி சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். கென்ய அரசியலில் இன்றும் தேர்தல் நேரத்தில் தலைதூக்கும் இனக் கணக்கை 'பழங்குடி மனப்பான்மை' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் பெரிய பங்கு ஒரு காலனிச் சட்டத்துக்கு உண்டு என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

1959 மார்ச்சில் ஹோலா முகாமில் காவலர்கள் 11 கைதிகளை அடித்துக் கொன்றார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதிர்ந்தது. 1960 ஜனவரியில் லண்டனின் லங்காஸ்டர் மாளிகையில் பேச்சு தொடங்கியது. பெரும்பான்மை ஆட்சி வரும் என்பது அங்கே உறுதியானது. உடனே மாவட்டத் தலைவர்கள் இரண்டு அணியாகத் திரண்டார்கள்:

1. கானு, அதாவது கென்ய ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம். முதன்மையாகக் கிக்கூயு, லுவோ மக்களின் ஆதரவு. டாம் ம்போயா, ஒகிங்கா ஒடிங்கா போன்றோர் முன்னணியில். வலுவான மைய அரசு வேண்டும் என்றது.

2. காடூ, அதாவது கென்ய ஆப்பிரிக்க ஜனநாயக ஒன்றியம். ரொனால்ட் ங்காலா, டேனியல் அராப் மோய் போன்றோர். காலெஞ்சின், மாசாய், கடற்கரை மக்கள் எனச் சிறு சமூகங்களின் அணி. வெள்ளையர் போனபின் அந்த நிலம் யாருக்குப் போகும் என்ற பயம் அவர்களுக்கு. ஸ்வாஹிலியில் 'மஜிம்போ' எனப்படும் பிராந்தியத் தன்னாட்சியைக் கேட்டார்கள்.

கென்யாட்டாவைக் கானுவின் தலைவராகக் காட்டிப் பதிவு செய்ய அரசு மறுத்ததால் ஜேம்ஸ் கிச்சுரு அந்த இடத்தில் இருந்தார். 1961 தேர்தலில் கானு முன்னணிக்கு வந்தும், கென்யாட்டாவை விடுவிக்காமல் அமைச்சரவை அமைக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டது. 'உஹுரு நா கென்யாட்டா', விடுதலையும் கென்யாட்டாவும் என்பது முழக்கம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் வெளியே வந்தார். 1963 மே தேர்தலில் கானு ஆட்சியைப் பிடித்தது. மஜிம்போ அரசியலமைப்போடு விடுதலை வந்தது. 1964 நவம்பரில் காடூ தானே கலைந்து கானுவில் சேர, மஜிம்போவும் அத்தோடு போனது.

உகாண்டா: மன்னர் முந்திக்கொண்ட நாடு

உகாண்டாவில் குடியேறிய வெள்ளையர் மிகக் குறைவு. எல்லாரும் சேர்ந்து எதிர்க்க ஒரு பொது எதிரி கண்ணெதிரே இல்லை. கட்சிகள் இருந்தன: இக்னேஷியஸ் முசாசியின் உகாண்டா தேசிய காங்கிரஸ் 1952இல், கத்தோலிக்கர் ஆதரவு பெற்ற ஜனநாயகக் கட்சி 1954இல், மில்டன் ஒபோட்டேயின் உகாண்டா மக்கள் காங்கிரஸ் 1960இல். ஆனால் மக்கள் உணர்ச்சியைக் கட்சிகளுக்கு முன்பே ஒருவர் பிடித்துவிட்டார்.

1953இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டாட்சி பற்றிப் பேச, புகாண்டாவின் கபாகா இரண்டாம் முட்டேசா எதிர்த்து நின்றார். ஆளுநர் ஆண்ட்ரூ கோஹன் அவரை லண்டனுக்கு நாடுகடத்தினார். பிரிட்டனை எதிர்த்துத் துன்பப்பட்ட தலைவர் என்ற பெயர் ஒரே நாளில் மன்னருக்குப் போயிற்று. 1955இல் அவர் திரும்பியபோது வரவேற்பு திருவிழாவாக நடந்தது. அதற்குப்பின் புகாண்டாவில் எந்தத் தேசியக் கட்சியாலும் வேர்விட முடியவில்லை.

1961 தேர்தலைப் புகாண்டா புறக்கணித்தது. அதனால் மிகச் சில வாக்குகளிலேயே அங்கிருந்த 21 இடங்களில் 20ஐ ஜனநாயகக் கட்சி பெற்று ஆட்சிக்கு வந்தது. அதிர்ந்த அரண்மனைத் தரப்பு 'கபாகா யெக்கா' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 'கபாகா மட்டுமே' என்று பொருள். மன்னராட்சிமேல் பற்றில்லாத ஒபோட்டே அதனோடு கூட்டுச் சேர்ந்தார். 1962 ஏப்ரல் தேர்தலில் வென்று, அக்டோபரில் விடுதலைக் கொடியை ஏற்றினார். நான்கு ஆண்டுகள்கூட அந்தக் கூட்டு தாங்கவில்லை. 1966 மே மாதம் ஒபோட்டே, ராணுவ அதிகாரி இடி அமீன் தலைமையில் படையை அனுப்பி அரண்மனையைத் தாக்கினார். முட்டேசா லண்டனுக்குத் தப்பினார். 1971இல் ஒபோட்டேயையே கவிழ்த்த அமீனின் கை ஓங்கத் தொடங்கியது அங்கேதான்.

சான்சிபார்

சிறு தீவு, கசப்பான பாடம். 1963 ஜூலை தேர்தலில், பெரும்பாலும் ஆப்பிரிக்கர் ஆதரவு பெற்ற ஆஃப்ரோ ஷிராசி கட்சி சுமார் 54 சதவீத வாக்கு வாங்கியும் 31இல் 13 இடம்தான் பெற்றது. 18 இடங்களோடு அரபுத் தலைமையிலான எதிரணி ஆட்சி அமைத்தது. டிசம்பர் 10 விடுதலை. 1964 ஜனவரி 12 புரட்சி. சுல்தான் ஓடினார், அரபு மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 26இல் சான்சிபாரும் டாங்கனிகாவும் இணைந்தன. தான்சானியா உருவானது இப்படி. 1977இல் தானுவும் ஆஃப்ரோ ஷிராசி கட்சியும் சேர்ந்து சாமா சா மாபிண்டுசி, அதாவது புரட்சிக் கட்சி, என்ற ஒரே கட்சி ஆயின. இன்று ஆள்வது அதுதான்.

98 சதவீதம், இரண்டு முறை

இப்போது தொடக்கத்திலிருந்த கேள்விக்கு வரலாம்.

1962 நவம்பரில் டாங்கனிகாவின் முதல் அதிபர் தேர்தல் நடந்தது. தபோராவில் பிரிந்துபோன அதே ம்டெம்வு எதிர்த்து நின்றார். நைரேரே பெற்றது சுமார் 98 சதவீதம். அன்று அந்த எண் நம்பக்கூடியது. கிராமம் கிராமமாக அட்டை கொடுத்து வளர்ந்த கட்சி, எதிராளியைத் தடுக்காமல் நின்று பெற்ற வாக்கு அது. 2025இன் எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். எதிராளிதான் களத்தில் இல்லை.

இடையில் நடந்தது இது. நாடும் கட்சியும் ஒன்றே என்றிருக்கும்போது இரண்டாவது கட்சி எதற்கு என்று நைரேரே வாதிட்டார். அவர் மனதார நம்பித்தான் சொன்னார். 1965இல் ஒரே கட்சி ஆட்சி சட்டமானது. கட்சியின் கிளைகள் அரசின் கைகளாயின. 1991இல், பல கட்சி முறை வேண்டுமா என்று ஆராய அரசு அமைத்த நியலாலி ஆணையம் மக்களைக் கேட்டபோது நான்கில் மூன்று பேருக்கு மேல் ஒரு கட்சி முறையே போதும் என்றார்கள். இருந்தும் ஆணையம் பல கட்சி முறையைப் பரிந்துரைத்தது, நைரேரேயும் ஆதரித்தார், 1992இல் அது வந்தது. ஆனால் கிராமத்து வேர்கள் ஒரு கட்சியிடம் மட்டுமே இருந்தன. கென்யாவில் கானு அணிகளின் கூட்டாகவே கடைசிவரை இருந்தது. அணிகள் இடம் மாறியதும் 2002இல் சரிந்தது.

பலமே ஆபத்தாவதற்கு பீபி டிட்டியின் வாழ்க்கையை விடக் கண்ணெதிரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. விடுதலைக்குப்பின் துணை அமைச்சராக இருந்தார். கட்சித் தலைமையோடு முரண்பட்டார். 1969இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைது, 1971இல் ஆயுள் தண்டனை, 1972இல் நைரேரேயின் மன்னிப்பில் விடுதலை. அவர் வளர்த்த கட்சியைத் தவிர அவருக்காகப் பேச வேறு கட்சி எதுவும் அப்போது பெருநிலப் பகுதியில் இல்லை. 2000இல் இறந்தார். தார் எஸ் சலாமின் முக்கியமான சாலை ஒன்றுக்கு இன்று அவருடைய பெயர்.